இறங்காத தரகர்

ஒரு மனிதர் சைக்கிளை விட்டு இறங்கினார் என்பது செய்தியாகுமா? எங்கள் மானிப்பாய்ச் சந்தியில் ஆகும். அவர் காலையில் ஒரு வீட்டு வாசலில் இறங்கினால், அந்தச் செய்தி பின்னேரத்துக்குள் சுன்னாகம் வரைக்கும் போய்விடும். அவர் கலியாணத் தரகர். பெயர் சொல்ல மாட்டேன். அவர் சேர்த்துவைத்த சோடிகள் இப்போது கனடாவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். சிலர் அவரை இன்னும் வாழ்த்துகிறார்கள். சிலர் அகப்பட்டால் விடமாட்டோம் என்று கனகாலம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் தரகர் போய்வந்தால் அங்கே கலியாணப் பேச்சுக்கால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கலியாணம் சரிவந்தால் நல்லது. சரிவராவிட்டால், "அந்தப் பிள்ளைக்கு ஏதோ குறையாம்" என்று ஒழுங்கையில் இருக்கிற வீடெல்லாம் கதைக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் அவர். அதனால் சைக்கிளில் இருந்தபடியே, இடது காலை வீட்டு மதிலில் ஊன்றிக்கொண்டு, மதிலுக்கு மேலால்தான் கதைப்பார். சைக்கிளில் இருக்கும்வரை அவர் அந்த வீட்டுக்கு வந்தவர் இல்லை. அந்த வழியால் போகிறவர். போகிற போக்கில் நின்று மழையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கிறார், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் வாய்திறந்து ஓம் என்று சொன்ன பிறகே பெண் வீட்டு வாசலில் ஸ்ராண்டைத் தட்டிச் சைக்கிளை நிறுத்துவார்.

"இறங்காட்டில் அது கதை, பிள்ளை. இறங்கினால் அது சம்பந்தம்," என்பார். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். இவர் ஆழம் அறிந்தாலும் காலை விடமாட்டார்.

இந்தப் பழக்கம் தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதருக்கு அது உடம்பில் ஊறிவிட்டது. கோயிலுக்கு வந்தால் தேர்முட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலை ஊன்றி, ஹாண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிடுவார். யாராவது திருநீறு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். செத்தவீடுகளுக்கும் அப்படித்தான். படலைக்கு வெளியே சைக்கிளில் இருந்தபடி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அழவேண்டிய அளவுக்கு அழுதுவிட்டுப் போவார். தேத்தண்ணியை மதிலுக்கு மேலால் வாங்கி, குடித்து, மதிலின் மேலேயே கோப்பையை வைப்பார். தலைமயிர் வெட்டுவதும் சைக்கிளில் இருந்துதான் என்று சொல்வார்கள். அது பொய். ஆனால் சொன்னவரை ஒருவரும் மறிக்கவில்லை.

அவர் கால் ஊன்றும் மதில்களில் செருப்பின் அடையாளம் விழுந்துவிடும். வெள்ளையடித்த மதில் என்றால் இன்னும் வசதி. எந்த மதிலில் புது அடையாளம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவது சில பெண்களுக்குக் காலைப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி. அதற்காகவே பெண்பிள்ளை பெற்ற தாய்மார் ஒரு சிரட்டையில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்ப, இவர்கள் இந்தப் பக்கம் பூசிவிடுவார்கள். எங்கள் பெரியம்மா வீட்டு மதிலில் மட்டும் அந்த ஒரு இடத்தில் சுண்ணாம்பு தோசைபோலத் தடித்துப்போய் இருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

ஒருமுறை அவர் தவறி இறங்கியிருக்கிறார். ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் சைக்கிளின் செயின் கழன்றுவிட்டது. வேறு வழியில்லாமல் இறங்கி, குனிந்து, செயினைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் முன்னுக்குத் தேத்தண்ணித் தட்டம். தட்டத்துக்குப் பின்னால் சேலை கட்டிய பிள்ளை. பிள்ளைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய்.

"செயின் கழண்டு போச்சு, அம்மா," என்று மசகு பூசின கையைக் காட்டியிருக்கிறார்.

"அதுக்கென்ன, கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாருங்கோ," என்றாராம் வாத்தியார்.

மனிதர் தேத்தண்ணியைக் குடித்தார். குடித்த பிறகு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கியது இறங்கியதுதான் என்று தலையில் போட்டுக்கொண்டு, கொடிகாமம் வரைக்கும் மிதித்துத் தேடி, அந்தப் பிள்ளைக்கு நல்ல இடத்தில் செய்துவைத்தார். அந்தப் பிள்ளை இப்போது நோர்வேயில் இருக்கிறாள். அவளுக்கு அவளுடைய கலியாணம் ஒரு செயினால் நடந்தது என்று தெரியுமோ தெரியாது. அதற்குப் பிறகு அவர் செயினுக்கு எண்ணெய் விடாமல் வீட்டைவிட்டு வெளிக்கிடுவதில்லை.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், கட்டிடத்தைப் பற்றியும்.

நான் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தவள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் ஒரு பையோடு காங்கேசன்துறையில் கப்பலால் வந்து இறங்கினேன். முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகாத குமர். பெரியம்மா வீட்டில் ஒதுங்கினேன். ஒதுங்கிய மறுகிழமையே பெரியம்மா தரகரை மதிலுக்குக் கூப்பிட்டுவிட்டா. எனக்கோ பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்குத் தட்டம் தூக்கித் தூக்கி அலுத்துப்போயிருந்தது. ஒரு வீட்டார் நிறம் காணாது என்றார்கள். இன்னொரு வீட்டார் உயரம் கூட என்றார்கள். ஒருவரின் தாய் நான் சிரித்தது கூட என்றா. அதற்குப் பிறகு எங்கே எவ்வளவு சிரிப்பது என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. இனி ஒருவர் முன்னாலும் தட்டம் தூக்குவதில்லை, சொந்தமாக ஒரு கடை போட்டு என் காலில் நிற்பேன் என்று முடிவெடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் சந்தியில் புதுக் கட்டிடம் எழும்பியது. கட்டியவர் சிங்கப்பூரில் இருந்து பென்சனோடு திரும்பியவர். கீழே கடைகள், நடுமாடியில் வழக்குப் பேசும் அப்புக்காத்தின் அலுவலகமும் ரியூசனும், மேல்மாடியில் குடியிருக்க வீடுகள். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கடைகளுக்கு முன்னால் நீளத்துக்குத் தூண் வைத்து, மேலே மூடி, நடப்பதற்கென்று ஒரு விறாந்தை விட்டிருந்தார். அகலம் ஐந்தடி என்பதால் சிங்கப்பூரில் அதற்கு அஞ்சடி என்று பெயராம். கட்டிடத்துக்கு அவர் தன் தாயின் பெயரை வைத்துப் பலகை மாட்டினார். சனம் அதை வாசிக்கவில்லை. கட்டிடம் முழுவதற்குமே அஞ்சடி என்றுதான் பெயர் நிலைத்தது.

"அங்கை சனம் அஞ்சடியாலை நடந்து நடந்து பாக்கும், மிஸ்," என்று எனக்குக் கடையைக் காட்டும்போது சொன்னார். "வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒரு சாமான் வாங்க வந்தவன் நாலு சாமானோடை போவான். மேலை இருக்கிறவன் கீழை வாங்குவான். கீழை வந்தவன் மேலை போவான்."

நானும் கொழும்புக் கண்ணால் பார்த்தேன். கண்ணாடி யன்னல், அதற்குள் ஒரு சேலையைப் போர்த்தி நிற்கவைத்தால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஜேர்மனியில் இருந்த அண்ணையைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தீபாவளிவரைக்கும் பார், சரிவராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பெரியம்மா சொல்கிற மாப்பிள்ளையைக் கட்டு என்றார். நான் பெரிய வீராப்போடு ஓம் என்றேன்.

சேலை, சட்டைத்துணி, லேஸ், நூல், சட்டைக்குத் தைக்கிற தெறி எல்லாம் அடுக்கி, சாமிப்படத்துக்கு விளக்கேற்றிக் கடையைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை.

காரணம் விளங்க எனக்குப் பல மாதம் பிடித்தது. எங்கள் சனம் நடக்கிற சனம் இல்லை, சைக்கிளில் போகிற சனம். அது மட்டும் என்றாலும் சமாளிக்கலாம். சைக்கிளை விட்டு இறங்கிக் கடைக்குள் ஏறினால் வெறுங்கையோடு வெளியே வரக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். அது முதலாளியின் முகத்தில் அடிக்கிற மாதிரி. "பார்த்துவிட்டு வாறேன்" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கக் கொழும்பில்தான் முடியும். அதனால் வாங்குவது என்று மனத்துக்குள் முடிவாகும்வரை ஒருவரும் இறங்குவதில்லை. எதிர்ப்பக்கத்துப் பழைய பலசரக்குக் கடையின் படி, சைக்கிளில் இருந்து கால் ஊன்ற அளந்து செய்ததுபோல இருக்கும். ஒரு காலை அதில் வைத்து, "முதலாளி, உந்தப் பருப்பு எப்பிடி?" என்று கேட்கலாம். பிடிக்காவிட்டால் மிதித்துக்கொண்டு போகலாம். இறங்கவில்லை, அதனால் குற்றமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஊர் முழுக்கவே தரகர்தான். அவர் ஒருவரைத்தான் நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் அஞ்சடியோ மாரிவெள்ளம் ஏறக்கூடாதென்று நெஞ்சளவு உயரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் மழைத்தண்ணி ஓட ஒரு கான். கானுக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தினால் படி எட்டாது. கால் வைக்க இடமே இல்லை.

மேலே இருப்பவர்கள் கீழே வாங்குவார்கள் என்றாரே, அதையும் பார்த்தோம். மேல்மாடி அம்மா ஒருவர் கயிற்றில் கூடை கட்டிப் பல்கணியால் இறக்கிவிடுவார். எதிர்க்கடைப் பெடியன் ஓடிவந்து அதற்குள் சீனியைப் போடுவான். கூடை என் கண்ணாடிக்கு முன்னால் இறங்கி, என் கண்ணாடிக்கு முன்னால் ஏறும். ரியூசன் பிள்ளைகள் பின்பக்கப் படியால் வந்து பின்பக்கப் படியால் போனார்கள். அஞ்சடியில் நடந்தவர்கள் மூன்று சாதி. வெயிலுக்கு ஒதுங்கிய ஆடுகள், வழிகாட்ட வேண்டுமென்று பின்னேரம்தோறும் வெள்ளைக் காற்சட்டை போட்டு மனைவியோடு உலாவிய கட்டிடச் சொந்தக்காரர், ஆடுகளைக் கலைக்கப் போன நான்.

கண்ணாடியும் கைகொடுக்கவில்லை. நடந்து போகிறவர் நின்று பார்ப்பதற்காகச் செய்த அலங்காரத்தைச் சைக்கிளில் போகிறவர் பார்த்து முடிக்கமுதல் சந்தி கடந்துவிடும். ஒரேயொருவர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். சேலை நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே கானுக்குள் விழுந்தார். நான் சாமானைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு இறங்கிப்போய் விற்றுப் பார்த்தேன். "மிஸ், அஞ்சடியை விட்டுச் சாமான் கீழை இறங்கக்கூடாது. பிறகு இது கட்டிடமில்லை, சந்தை," என்று சொந்தக்காரர் மறித்துவிட்டார். அஞ்சடியில் போட்டோ எடுக்கிற படக்கடைக்காரர் பூட்டிவிட்டுப் போனார். மணிக்கூடு திருத்துகிறவர் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தரகரும் ஒருநாள் வந்தார். மனைவி ஏதோ நூல் வாங்கச் சொல்லி அனுப்பியிருந்தா. கட்டிடத்துக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்தார், கால் வைக்க இடம் தேடினார். இன்னொரு வட்டம் அடித்தார். பருந்து கோழிக்குஞ்சைப் பார்க்கிற மாதிரிப் படிகளைப் பார்த்தார். கடைசியில் றோட்டில் நின்றே சத்தம் வைத்தார்.

"பிள்ளை, உந்தக் கட்டிடத்திலை ஒருத்தரும் கதைக்கேலாது. நேரை சம்பந்தம்தான் செய்யலாம்."

சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய் நூல் வாங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஒன்பது மாதமாக என் கடைக்கு என்ன வருத்தம் என்று ஒருவராலும் சொல்லமுடியாததை மனிதர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்.

புரட்டாதி முடிந்தது. தீபாவளி கிட்ட வந்தது. பெரியம்மா தட்டத்தைப் புளிபோட்டு மினுக்கத் தொடங்கிவிட்டா. கடை போனால் நான் மறுபடியும் அந்தத் தட்டத்தோடு யாரோ ஒருவரின் தாய்க்கு முன்னால் நிற்கவேண்டும். இந்த முறை மாட்டேன் என்று சொல்லவும் முடியாது.

ஒருநாள் காலை தரகர் எங்கள் மதிலில் கால் ஊன்றி நின்றார். பெரியம்மா தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்து நான் மதிலடிக்குப் போனேன்.

"அண்ணை, ஒருக்கா என்ரை கடையிலை இறங்குங்கோ."

"ஏன்?"

"நீங்கள் இறங்கினால் என்னவெண்டு பாக்கச் சனம் ஏறும். ஏறினால் வாங்கும்."

மனிதர் திடுக்கிட்டுக் காலை மதிலில் இருந்து எடுத்துவிட்டார். சைக்கிள் ஆடிப்போய்விட்டது. பிரேக்கைப் பிடித்து நிதானித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"விளங்கித்தான் கேக்கிறியோ, பிள்ளை? உன்ரை கடையிலை நீ ஒருத்திதான் குமர். நான் அங்கை இறங்கினால் அது உனக்கு வந்த சம்பந்தம்."

"சும்மா இறங்குங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"சும்மா நான் இறங்கிறதில்லை. செயின் கழண்ட அண்டைக்குப் பட்ட பாடே போதும்."

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் செய்யலாம் எண்டு சொல்லுவினம். ஒரு கடைக்காக ஒரு பொய் சொன்னால் என்ன?"

"உந்தப் பழமொழியைச் சொன்னவன் தரகு செய்யாதவன். ஆயிரம் பொய் சொன்னவனை அடுத்ததரம் ஆர் மதிலடிக்கு விடுறது?"

பெரியம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டா. அவர் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். நான் உள்ளே போய் அழுதேன். அவர் மேல்தான் கோபம். அவர் ஒரு காலை ஊன்றியே ஊர் முழுக்கக் கலியாணம் நடக்கிறது, எனக்காக ஒருமுறை மற்றக் காலையும் ஊன்றினால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு பின்னேரம், சந்தியில் சனம் நிறைந்திருந்த நேரம். நான் கண்ணாடிக்குள் சேலையை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே 'டக்' என்று ஸ்ராண்ட் தட்டிய சத்தம் கேட்டது. அந்தச் சந்தியில் நாள்முழுக்க நூறு ஸ்ராண்ட் தட்டும். இது அந்தச் சத்தம் இல்லை என்று எனக்கு முன்னமே மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்க்கடை முதலாளி தராசைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சலூனில் ஒருவர் பாதி முகம் சோப்போடு வாசலுக்கு வந்துவிட்டார். பஸ் கண்டக்டர் மணியடிக்கவில்லை, சாரதியும் கேட்கவில்லை.

தரகர் இறங்கி நின்றார். இறங்கிய பிறகுதான் மனிதர் எவ்வளவு கட்டை என்று சந்திக்குத் தெரிந்தது. அவ்வளவு காலமும் சைக்கிளில் பார்த்து நாங்கள் அவரை உயரமான ஆள் என்று நினைத்திருந்தோம். நடையும் அவருக்குப் பழக்கமில்லை. கப்பலால் இறங்கினவர் மாதிரி ஆடி ஆடி, கான்மேல் போட்டிருந்த பலகையைக் கடந்து, இளைத்து இளைத்துப் படியேறினார். ஏறியவர் நேரே என் கடைக்கு வந்திருக்கலாம். அவர் மற்ற அந்தத்துப் படியால் ஏறியிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அஞ்சடியின் முழு நீளத்துக்கும் நடந்து வந்தார். மருந்துக்கடையில் நின்று போத்தல்களைப் பார்த்தார். மணிக்கூட்டுக் கடையில் நின்று நேரம் பார்த்தார். பூட்டியிருந்த படக்கடையில்கூட நின்று யாரோ ஒரு பழைய கலியாணப் படத்தைப் பார்த்து, "இது நான் செய்தது," என்றார். மற்ற மூலையில் கதிரையில் இருந்த சொந்தக்காரர் எழும்பி நின்றுவிட்டார். அந்தக் கட்டிடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்த முதல் மனிதர் அவர்தான். சொந்தக்காரரின் கண் கலங்கியிருந்தது.

கடைக்குள் வந்து ஸ்ரூலில் இருந்தார். இளைப்பு ஆறட்டும் என்று கொஞ்சநேரம் இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மழையைப் பற்றிச் சத்தமாகவும் சம்பந்தத்தைப் பற்றி மெதுவாகவும் கதைப்பது அவர் வழக்கம்.

"பிள்ளை, உனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறன். மாப்பிள்ளை வீட்டார் ஓம் எண்டிட்டினம். உன்ரை விருப்பம்..."

"இல்லை, அண்ணை. எனக்குக் கடைதான்."

அவர் வாய் மூடமுதல் என் வாய் சொல்லிவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வடிவா யோசிச்சியோ?"

"ஓம்."

"சரி. நான் கேட்டன், நீ மறுத்தாய். ஒருத்தரும் பொய் சொல்லேல்லை." சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "இனி உந்தத் தேத்தண்ணியைத் தா. நான் ஆறுதலாக் குடிக்கிறன்."

அவர் அவ்வளவு ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. ஊதினார், வைத்தார், பார்த்தார், மறுபடியும் எடுத்தார். அதற்கிடையில் வெளியே சைக்கிள் ஸ்ராண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. முதலில் வந்தவ ஒரு சட்டைத்துணியை நீட்டி, இதற்குப் பொருத்தமான தெறி வேணும் என்றா. கண் தரகரில் இருந்தது. அடுத்தவ நூல் கேட்டா. அதற்கடுத்தவ என்ன கேட்பதென்று தெரியாமல் சேலையே கேட்டுவிட்டா. படியேறிய பிறகு வெறுங்கையோடு இறங்கக்கூடாதே, எல்லாரும் வாங்கினார்கள். மேல்மாடி அம்மாகூடக் கூடையை விட்டுவிட்டுத் தானே இறங்கிவந்தா. தரகர் கடைசியாகத் தன் மனைவிக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு, "ஏறினனான், நானும் சும்மா இறங்கேலாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். சனத்துக்குள் அவரைப் பார்த்துக் கும்பிடவேண்டும் போல எனக்கு இருந்தது. கையில் அளவுகோலும் துணியும் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்குக் கண்ணாடிக்குள் போர்த்தியிருந்த சேலையையும் கழற்றி விற்றேன். மாப்பிள்ளை யார் என்று கேட்டவர்களுக்கு ஒருவரும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாததால் அடுத்த கிழமையும் வந்தார்கள். இரண்டாம் முறை வரும்போது படி உயரம் என்று ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. படக்கடைக்காரர் திரும்பி வந்தார். கட்டிடச் சொந்தக்காரர் இதெல்லாம் அஞ்சடியின் மகிமை என்று சாகும்வரைக்கும் நம்பினார். கடை ஓடுகிறது என்று ஜேர்மனி அண்ணைக்கு எழுதிப்போட்டேன். பெரியம்மா தட்டத்தைத் தேய்ப்பதை விட்டுவிட்டா.

ஆனால் தரகருக்கு அது நட்டம்தான். அவர் இறங்கியும் சரிவராத முதல் சம்பந்தம் என்னுடையது. "இப்ப அவர் இறங்கினாலும் நிச்சயமில்லையாம்" என்று ஒரு கதை கிளம்பிவிட்டது. சில வீட்டார் சுன்னாகத்துத் தரகரிடம் போனார்கள். இதைப் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வழக்கம்போலச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரம் பெரியம்மா கேட்டா.

"எடி, அண்டைக்கு ஆரடி மாப்பிள்ளை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்கவேயில்லை.

அடுத்த காலை அவர் ஒழுங்கையால் வருவதைப் பார்த்து மதிலடிக்கு ஓடினேன். அவர் காலை ஊன்றினார். நான் முதலில் நன்றி சொன்னேன். அவர் மழை வருமாப்போல கிடக்கு என்றார். பிறகு கேட்டேன்.

"அண்ணை, அண்டைக்குக் கொண்டுவந்த சம்பந்தம் ஆர்?"

"மறுத்திட்டியே பிள்ளை."

"மறுத்தனான்தான். சும்மா அறியத்தான் கேக்கிறன்."

"மறுக்கிறது உன்ரை உரிமை. ஆரை மறுத்தனி எண்டு நான் சொல்லமாட்டன், ஊருக்கும் சொல்லமாட்டன், உனக்கும் சொல்லமாட்டன்." ஒரு காலால் மதிலை உதைத்துச் சைக்கிளைத் தள்ளினார். தள்ளியபிறகு திரும்பிச் சொன்னார். "அந்தப் பெடியனும் உந்தச் சந்தியாலைதானே போய்வாறவன். தலை நிமிந்து போகட்டும்."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த மதிலில் கால் ஊன்றினார். அந்தப் பெயரை மட்டும் அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அவர் வன்னிக்குப் போனார் என்றும், அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பெயரையும் கொண்டுபோய்விட்டார்.

மறுத்ததற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. என் கடை என்னைத் தலைநிமிர்ந்து வாழவைத்தது. ஆனால் கேட்காமல் விட்டேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் என்னவோ செய்யும். எத்தனையோ வீட்டார் குறை சொல்லிப் போன என்னை, ஒரு தட்டமும் தூக்காமல், சந்தியால் போய்வந்து பார்த்தே ஓம் என்று சொன்ன ஒருவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார். அந்தக் கடையில் நான் இருந்தவரைக்கும் பின்னேரங்களில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாங்கிலிருந்து ஒருவர் போவார். பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் கண்ணாடிப் பக்கம் பார்க்காமலே போவார். இன்னொருவர் சந்தி வந்ததும் மெதுவாக மிதிப்பார். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்று பார்ப்பேன். பெண்கள் இறங்கினார்கள், படியேறினார்கள், வாங்கினார்கள். அந்த ஆண்களில் ஒருவரும் இறங்கவில்லை.